சின்ன மடிக்கணினிக்கு எந்த இயங்குதளம் (ஓஎஸ்) போடலாம்? மலேசியா, சுங்கை சிப்புட் கேள்வி பதில்

கேள்வி (தோட்டத்து அம்மா): மகன் படிவம் ஒன்று (இடைநிலைப் பள்ளி முதல் ஆண்டு) படிக்கிறான். 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு உள்ள மலிவு மடிக்கணினி. விண்டோஸ் 11 நகரவே மாட்டேன் என்கிறது.

பதில்: விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே அதுதான் அக்கா, ஒட்டி உரசி நிற்கிறது. அந்த 64 ஜிபி அனேகமாக இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லு, போர்டோடு பற்றவைத்தது, கழற்றிவிட்டு வேகமான எஸ்எஸ்டி சேமிப்பு மாட்ட முடியாது. போன வாரம் இதே மாதிரி ஒன்று வந்தது. மிச்சம் 2 ஜிபிதான், அப்டேட் இறங்க இடமில்லாமல் பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. பையனுக்கு வேண்டியது டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்), கூகுள் கிளாஸ்ரூம், யூடியூப். எல்லாம் பிரவுசரில் ஓடுபவை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ், அதில் லேசான எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போடுங்கள், 4 ஜிபியில் சௌகரியமாக ஓடும். ஆனால் முதலில் ஏற்றாமல் பெண்ட்ரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஸ்பீக்கர், கேமரா மூன்றையும் பாருங்கள். படங்களை வேறு இடத்தில் எடுத்து வைக்காமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் போடலாமா?

பதில்: லேசானது, நல்லது. ஆனால் பிளே ஸ்டோர் வராது. குரோம்புக் என்று நினைத்துப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

கேள்வி: 4 ஜிபி போதுமா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: பழைய மெஷின், விண்டோஸ் 10. அப்படியே விடலாமா?

பதில்: 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பேங்க் வேலை பார்க்கிறீர்கள் என்றால் விடாதீர்கள். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி மாற்றுங்கள், எந்த ஓஎஸ் என்பது அப்புறம்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியர்): மின்டில் தமிழ் தட்டச்சு உண்டா?

பதில்: உண்டு ஐயா. ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளை ஏற்றினால் தமிழ்99 விசைப்பலகை வரும், ரோமன் எழுத்தில் தட்டும் ஒலிமுறையும் வரும். என்னைக் கேட்டால் தமிழ்99தான். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு, புள்ளி தானே விழும். ரோமன் எழுத்தில் ஐந்து (ammaa).

குறுக்கே ஒருவர்: ஷிஃப்ட் பிடித்தால் அஞ்சல் என்ற ஒலிமுறையிலும் நாலுதான் (ammA)! முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு என்ற தமிழ் மென்பொருளைக் கொண்டுவந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசலாமா?

பதில்: ஷிஃப்ட்டை எந்த விரல் பிடிக்கிறது, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் விரலா? முரசு நம் பெருமை, மறுக்கவில்லை. அதிலேயே தமிழ்99-உம் இருக்கிறது, அதையும் கொஞ்சம் பாருங்கள்.

அவரே: இருபது வருடப் பழக்கம் தம்பி.

பதில்: அப்படியென்றால் சரி அண்ணே, பழகிய கையை மாற்றச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு மட்டும் தமிழ்99 சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: 4 ஜிபி போதுமா அண்ணே?

பதில்: போதும். போதும். போதும்.

கேள்வி: மின்ட் ஏற்றிவிட்டேன், வைஃபை வரவில்லை.

பதில்: பெண்ட்ரைவில் ஓட்டிப் பார்த்தபோது வந்ததா?

அவரே: ஓட்டிப் பார்க்கவில்லை.

பதில்: கைப்பேசியை யூஎஸ்பி வயரில் மாட்டி இணையத்தைப் பகிருங்கள், மின்டில் இருக்கும் டிரைவர் மேனேஜரைத் திறந்து வைஃபைக்கான டிரைவரைத் தேடவிடுங்கள். அதிலும் வரவில்லையென்றால் சனிக்கிழமை பசியாறிவிட்டு எடுத்து வாருங்கள்.