அவைக்குறிப்பில் ஏறாத பேச்சு

கேள்வி: நாடாளுமன்றத்தில் ‘செக்ரட்டரி ஜெனரல்’ என்று ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு என்னதான் வேலை? கீழ்நிலை ஊழியராகச் சேர்ந்து அந்தப் பதவிக்குப் போக முடியுமா?

போகலாம், ஆனால் அபூர்வம். நான் டெல்லியில் வேலை பார்த்தவன் இல்லை. புதுச்சேரி சட்டசபையில் சுருக்கெழுத்து ரிப்போர்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே செக்ரட்டரி ஜெனரல் பார்க்கிற வேலையைத்தான் இங்கே சட்டசபைச் செயலர் சின்ன அளவில் பார்க்கிறார். அதனால் அந்த நாற்காலியைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பாரதி பூங்காவுக்கு எதிரே இருக்கிற எங்கள் சட்டசபைக்குள் சபாநாயகர் இருக்கை மேடையில் இருக்கும். அதற்குக் கீழே செயலர் மேசை, அதையொட்டி எங்கள் மேசை. சபையில் கூச்சல் கிளம்பும்போது எங்கள் பென்சில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் செயலர் எழுந்து, மேடைப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மறைத்தபடி இரண்டு வார்த்தை சொல்வார். சபாநாயகர் தலையை ஆட்டுவார். அடுத்த நொடி, “இந்தப் பொருள் நீதிமன்றத்தில் இருக்கிறது, விவாதிக்க அனுமதி இல்லை” என்று சபாநாயகரின் குரல் வரும். அதை எழுதுவோம். செயலர் சொன்னதை எழுத மாட்டோம், எழுதவும் கூடாது. கால் நூற்றாண்டு செயலராக இருந்தாலும் அந்த மனிதர் சொன்ன யோசனை ஒன்றுகூட அவைக்குறிப்பில் கிடைக்காது. இந்தப் பதவியைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும் என்பேன்.

டெல்லியில் இதுவே பெரிய அளவில். மக்களவைச் செக்ரட்டரி ஜெனரலை நியமிப்பவர் சபாநாயகர், மாநிலங்களவையில் அவைத்தலைவர். அந்தஸ்தில், மத்திய அரசு அதிகாரிகளில் தலைமையானவரான கேபினெட் செயலருக்குச் சமம், ஆனால் அரசாங்கத்துக்குக் கீழே வருபவர் அல்ல. அரசியல் சட்டத்தின் 98ஆவது பிரிவு ஒவ்வொரு அவைக்கும் தனிச் செயலகம் வைத்திருப்பதே அதற்காகத்தான். மக்களவை கலைந்தாலும் இவர் பதவி கலையாது. புது அவை கூடும் நாளில், வெற்றி பெற்றவர்களின் பட்டியலை மேசையில் வைப்பவர் இவர்தான். மற்ற அவையிலிருந்து வந்த செய்தியை எழுந்து வாசிப்பார். அவர் குரல் சபையில் கேட்பது அநேகமாக இந்த மாதிரி நேரங்களில் மட்டும்தான்.

குடியரசுத் தலைவர் தேர்தலை நடத்துகிற அதிகாரியும் இவரே, இரண்டு அவைச் செயலர்களும் மாறி மாறி. 2017இல் மக்களவைச் செயலர், 2022இல் மாநிலங்களவைச் செயலர். நம் ஊர் எம்எல்ஏ ஒருவரின் ஓட்டுக்கு அதில் மதிப்பு 16. முப்பது பேரையும் சேர்த்தாலும் 480தான். இருந்தாலும் பெட்டிக்கு மரியாதை குறையாது. 2022இல் வாக்குப்பெட்டிகளுக்கு விமானத்தில் தனி டிக்கெட்டே போட்டார்கள், ‘மிஸ்டர் பேலட் பாக்ஸ்’ என்ற பெயரில்!

சரி, இந்த வேலையில் தலைவலி எங்கே வரும் என்பதற்கு டெல்லிவரை போக வேண்டாம், பாண்டியே போதும். 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேசச் சட்டப்படி நம் சபைக்கு மூன்று பேர்வரை மத்திய அரசு நியமிக்கலாம். அப்படி மத்திய அரசு நியமித்த மூன்று பேருக்கு 2017 ஜூலையில், தன் மாளிகையான ராஜ்நிவாஸிலேயே பதவிப் பிரமாணம் செய்துவைத்தார் அன்றைய துணைநிலை ஆளுநர். சபாநாயகர் ஏற்கவில்லை. 2018 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நியமனம் செல்லும் என்றது. அப்புறமும் சட்டசபை வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டார்கள். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்று முடித்துவைத்தது. இந்த மாதிரி நேரத்தில் செயலர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கடிதம் ராஜ்நிவாஸிலிருந்து வரும், உத்தரவு நீதிமன்றத்திலிருந்து வரும், ஆனால் அவர் கையெழுத்துப் போட வேண்டியது சபாநாயகர் சொன்னதற்கு. “நான் சட்டப்படி இப்படி நினைக்கிறேன்” என்று தனியறையில் சொல்லலாம், வெளியே வந்து மூச்சுவிட முடியாது.

அந்த மூன்று ஓட்டு சும்மா இல்லை என்பது 2021 பிப்ரவரி 22 அன்று தெரிந்தது. நாராயணசாமி அரசு நம்பிக்கை கோரியபோது ஆளும் பக்கம் சபாநாயகரோடு சேர்த்து 12, எதிர்ப்பக்கம் 14. அந்த 14இல் நியமன உறுப்பினர்கள் மூவர். நியமனத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போன லட்சுமிநாராயணன் முந்தின நாள்தான் ஆளுங்கட்சியிலிருந்து ராஜினாமா செய்திருந்தார். பாண்டி அரசியலில் இதற்கெல்லாம் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டுரிமை உண்டா என்று முதல்வர் பக்கம் கேட்டது, வாக்கெடுப்புக்கு முன்பே வெளிநடப்பு, தீர்மானம் தோற்றதாகச் சபாநாயகர் அறிவிப்பு. எல்லாம் ஒரு காலைப் பொழுதில். இப்படியொரு நாளில் விதிப்புத்தகத்தின் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரிந்தவர்தான் செயலர்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அந்தக் காலத்தில் சபைக்குள்ளேயே ஊறி வளர்ந்தவர்கள் இருந்தார்கள். முதல் மக்களவையின் செயலர் எம்.என்.கவுல், 1964இல் அவருக்கு அடுத்து வந்த எஸ்.எல்.ஷக்தர். இருவரும் சேர்ந்து எழுதிய நாடாளுமன்ற நடைமுறை நூல்தான் இன்றைக்கும் சபாநாயகர்கள் தீர்ப்புச் சொல்லும்போது புரட்டுகிற புத்தகம். கவுல் பிறகு மாநிலங்களவை நியமன உறுப்பினர் ஆனார். ஷக்தர் 1977இல் தலைமைத் தேர்தல் ஆணையர். கேரளத்தின் பரவூரில் 1982இல் முதல்முறையாக மின்னணு இயந்திரத்தில் ஓட்டுப் போட்டது அவர் காலத்தில்தான்.

வி.எஸ்.ரமாதேவி கதை நேர்மாறு. சட்டப் பணியிலிருந்து வந்தவர். 1990இல் டி.என்.சேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம்போலத் தலைமைத் தேர்தல் ஆணையர், 1993இல் மாநிலங்களவையின் முதல் பெண் செக்ரட்டரி ஜெனரல், அப்புறம் இமாச்சலத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆளுநர்.

பின்னாளில் ஐஏஎஸ் அதிகாரிகளை வெளியிலிருந்து கொண்டுவருவது அதிகமாகிவிட்டது. மாநிலங்களவைச் செயலகத்திலேயே படிப்படியாக மேலே வந்த பி.பி.கே.ராமாச்சார்யுலுவை 2021 செப்டம்பரில் செக்ரட்டரி ஜெனரல் ஆக்கினார்கள். அந்தச் செயலக ஊழியர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நவம்பரிலேயே அந்த நாற்காலிக்கு ஓய்வுபெற்ற வருமான வரித்துறை அதிகாரி பி.சி.மோடி வந்தார். ஐஏஎஸ்காரர்கள் திறமைசாலிகள், மறுக்கவில்லை. ஆனால் கோப்பு ஓட்டிய அனுபவம் வேறு, நடுச்சபையில் அரை நிமிடத்தில் முன்னுதாரணம் எடுத்துக் கொடுக்கிற அனுபவம் வேறு. என் ஓட்டு உள்ளே வளர்ந்தவருக்குத்தான்.

உள்ளே நுழைய நினைப்பவர்களுக்குக் கதவு பல உண்டு: கமிட்டி உதவியாளர், ஆய்வுப் பிரிவு, மொழிபெயர்ப்பாளர், ரிப்போர்ட்டர். ரிப்போர்ட்டர் வேலைக்கு நிமிடத்துக்கு 160 வார்த்தை சுருக்கெழுத்து வேண்டும். கடலூர், பாண்டிப் பிள்ளைகள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் 120ஐத் தாண்டியதும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த மீதி 40க்குத்தான் உண்மையான உழைப்பு. தமிழும் ஆங்கிலமும் ஒருசேர வாயில் ஓடுகிறவர்கள், அவையில் பேசப் பேச மொழிபெயர்க்கிற வேலைக்கும் விண்ணப்பித்துப் பாருங்கள். தமிழில் பேசுகிற எம்பிக்கள் இருக்கிறவரை அதற்கு ஆள் வேண்டும்.