டெக் இறங்கியதா, தொட்டி எழும்பியதா?

கேள்வி (சுருக்கம்): கொழும்பு பம்பலப்பிட்டியில் எங்கள் வீட்டுப் பின்வளவில், அப்பாவின் முழங்கால் வலிக்காக நிலத்துக்குள் பதிக்கும் ஸ்பா தொட்டியும் அதைச் சுற்றிக் கொங்கிரீட் டெக்கும் போட்டோம். மொத்தம் 28 இலட்சம் ரூபா. வேலையை எடுத்தவர் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன். எழுத்து ஒப்பந்தம் இல்லை. கொட்டேசனும் வாட்ஸ்அப் பேச்சும்தான். வேலை முடிந்து ஏழு மாதத்தில் டெக் வெடித்தது. தொட்டி விளிம்புக்கும் டெக்குக்கும் மட்டம் விலகிவிட்டது. கேட்கப்போனால் எல்லார் முன்னிலையிலும் எங்களை அவமானப்படுத்தினார். மீதி 5 இலட்சத்தை நிறுத்தினோம். இப்போது 14 நாட்களுக்குள் கட்டும்படி அவருடைய சட்டத்தரணியிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. அடுத்த கிழமை வேறு ஆளை வைத்து டெக்கை உடைத்துப் புதிதாகப் போடப்போகிறோம். அந்தச் செலவையும் மனவேதனைக்கு நட்டஈட்டையும் வழக்குப் போட்டு வாங்கலாமா?

பதில்: அடுத்த கிழமை வரவிருக்கும் மேசனை இன்றே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி அவர் பேசிய பேச்சைப் பற்றியது. சொந்தக்காரர் வாயால் கேட்டால் கூடுதலாகவே வலிக்கும், விளங்குகிறது. ஆனால் இலங்கையில் ஒப்பந்தங்களுக்குப் பொருந்தும் உரோமன் டச்சுச் சட்டத்தில் ஒப்பந்த மீறலுக்குக் கிடைப்பது பண நட்டம் மட்டுமே. மனவேதனைக்கென்று தனியாகக் கேட்டால் வழக்கு நீளுமே தவிர, கையில் எதுவும் வராது. அந்தக் கோரிக்கையை விட்டுவிடுங்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “ஒக்டோபர் மழையில் தண்ணீர் கலங்கியதால் தொட்டித் தண்ணீரை முழுக்க இறக்கிக் கழுவினோம்.” உங்கள் வழக்கு முழுவதும் அந்த வரியில் இருக்கிறது.

பம்பலப்பிட்டி கடலோரம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். 2,000 லீட்டர் கொள்ளும் தொட்டி வெறுமையாக இருக்கும்போது அந்த நீர் விளிம்புவரை ஏறினால், கிட்டத்தட்ட 2 தொன் பாரத்தைத் தூக்கும் விசை அடியிலிருந்து தள்ளும். ஃபைபர் தொட்டி தோணி மாதிரி மிதந்து எழும்பும். எழும்பும்போது டெக்கையும் வெடிக்க வைக்கும். மறுபக்கம், தொட்டியைச் சுற்றித் தோண்டிய குழியை மண் போட்டு நிரப்பியபோது அடுக்கடுக்காக இடித்து இறுக்காமல் விட்டிருந்தால், சில மாதங்களில் மண் அமர்ந்து டெக் கீழே போகும். இரண்டிலும் மேலிருந்து பார்த்தால் தெரிவது ஒன்றுதான்: வெடிப்பு, மட்டம் விலகல். முதலாவது நடந்திருந்தால் பிழை பெரும்பாலும் உங்கள் தலையில் விழும். இரண்டாவது என்றால் அவர் பிழை.

எது நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த டெக். அதைத்தான் அடுத்த கிழமை உடைத்துக் குப்பை லொறியில் ஏற்றப் பார்க்கிறீர்கள்.

என்னிடம் வரும் கட்டட வழக்குகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் விபத்து இது. புதுத் தளம் பளபளவென்று இருக்கும், பில் கையில் இருக்கும், போனில் எடுத்த படங்கள் இருக்கும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார்: கொங்கிரீட் எத்தனை அங்குலத் தடிப்பு? உள்ளே கம்பி வலை இருந்ததா? தொட்டிக்கும் டெக்குக்கும் இடையில் விரிவு இடைவெளி விட்டிருந்ததா? உடைக்கும்போது என் கட்சிக்காரரை ஏன் கூப்பிடவில்லை? அங்கே வழக்கு சரிந்துவிடும். நிரூபிக்கும் பாரம் நட்டஈடு கேட்பவர்மீது. படங்கள் அதைத் தாங்காது.

ஆகவே முதலில் ஒரு பட்டயப் பொறியியலாளரைக் கொண்டு வீட்டு அத்திவாரத்தின் மட்டத்தோடு ஒப்பிட்டுத் தொட்டி விளிம்பையும் டெக்கையும் அளந்து அறிக்கை எடுங்கள். வீடு அசையவில்லை என்றால், எது ஏறியது, எது இறங்கியது என்பது அந்த அளவில் தெரியும். அளக்கும் நாளை வேலையை எடுத்தவருக்குப் பதிவுத் தபாலில் முன்கூட்டியே அறிவியுங்கள். அவர் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு நல்லது. உடைக்க வேண்டி வந்தாலும் அப்படியே அறிவித்துவிட்டு, பொறியியலாளர் முன்னிலையில் உடையுங்கள்.

கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது அடுத்த பொறி. “அவன் கடிதத்துக்கு நான் ஏன் பதில் எழுத வேண்டும்” என்று ரோஷத்தில் இருந்துவிடுவார்கள். வியாபார விடயத்தில் ஒருவர் கடிதத்தில் ஒன்றைச் சொன்னால், உடன்படாதவர் பதில் எழுதவேண்டும் என்று சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கில் 1948இலேயே சொல்லியாயிற்று. மௌனத்தை ஒப்புதலாகக் காட்ட வழி விடாதீர்கள். 14 நாட்களுக்குள், கடனை மறுத்து, வேலைக் குறைபாட்டைச் சொல்லி, சட்டத்தரணி மூலம் பதில் போகட்டும். தொட்டியைக் கழுவிய கதையை நீங்களாக அதில் எழுத வேண்டாம். சத்தியத்தின் மேல் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அப்புறம் வாட்ஸ்அப்பை முழுக்கத் தேடுங்கள். “மழைக்குள் தொட்டியை வெறுமையாக்க வேண்டாம்” என்று அவர் எங்கேயாவது எச்சரித்திருக்கிறாரா? இல்லை என்றால் தொட்டி எழும்பியிருந்தாலும் பொறுப்பில் ஒரு பங்கை அவர்மீது போட வாதம் இருக்கிறது. எச்சரித்திருந்தால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். அவர் போனில் அது இருக்கும்.

மாநகர சபை அனுமதி பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் நிலத்துக்குக் கீழே செய்யும் வேலையையும் பிடிக்கும். அனுமதியில்லாத வேலையை அகற்ற அதிகார சபை நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை பெறலாம். வழக்கென்று போனால் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான்.

இத்தனையும் பார்த்தபின் சொல்கிறேன்: அறிக்கை கைக்கு வந்ததும் சமாதானமாக முடியுங்கள். டெக் இறங்கியிருந்தால், அவர் 5 இலட்சத்தைக் கைவிடட்டும், அதற்கு மேல் வரும் திருத்தச் செலவில் ஒரு பகுதியும் கேளுங்கள். தொட்டி எழும்பியிருந்தால், மீதியில் பாதியைக் கொடுத்து முடித்தாலே உங்களுக்கு இலாபம். மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் இழுபட்டு, பொறியியலாளருக்கும் சட்டத்தரணிக்கும் கொடுக்கும் காசு இந்த 5 இலட்சத்தைத் தின்றுவிடும். சொந்தத்துக்குள் நடந்தது என்பதற்காகச் சமாதானத்தையும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். யார் எவ்வளவு, எந்தத் திகதிக்குள், இத்தோடு இரு தரப்புக் கோரிக்கைகளும் முழுதாகத் தீர்ந்தன என்று எழுதி, இருவரும் ஒப்பமிடுங்கள்.

அதுவரை பம்பின் மின்சாரத்தைத் துண்டித்து வையுங்கள்; விலகிய டெக்குக்குள் வயர் குழாய் இழுபட்டிருக்கக்கூடும். அப்பாவை அந்தப் பக்கம் விடாதீர்கள். தொட்டித் தண்ணீரை மட்டும் இறக்காதீர்கள்.