பேஸ்மென்ற்காரர் நட்ட சைனை நான் பிடுங்கலாமா?

கேள்வி: கனடாவில், ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோவில் எங்களுக்குச் சொந்த வீடு. பேஸ்மென்றை, அதாவது நிலக்கீழ்த் தளத்தை, ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். போன தேர்தலில், நான் ஆதரித்தவரை எதிர்த்து நின்றவரின் சைனை (தேர்தல் பெயர் அட்டையை) அந்தத் தம்பி என்னைக் கேளாமலே முன் புல்தரையில் நட்டுவிட்டார். சண்டை வேண்டாமென்று பேசாமல் இருந்தேன். 2026 ஒக்டோபர் 26 மாநகரத் தேர்தலிலும் இப்படிச் செய்தால் பிடுங்கி எறிய எனக்கு உரிமை இருக்கிறதா?

பதில்: பிடுங்குவது இருக்கட்டும், எறியாதீர்கள். அந்த அட்டையும் கம்பியும் வேட்பாளரின் காசில் வாங்கியவை. பிறர் சைனைக் களவெடுத்தாலோ கிழித்தாலோ பொலிஸ் திருட்டு, சொத்துச் சேதம் என்று வழக்குப் போடலாம். ஒரு சைனுக்காக அந்தத் தலையிடி தேவையில்லை.

உரிமை என்று பார்த்தால் விஷயம் இரண்டாகப் பிரிகிறது. வாடகைக்கு இருப்பவர், தான் வாடகைக்கு எடுத்த இடத்தில் தேர்தல் சைன் வைப்பதை வீட்டுக்காரர் தடுக்க முடியாது. ஒன்ராறியோவின் மாநகரத் தேர்தல் சட்டமும் சொல்கிறது, மத்திய தேர்தல் சட்டமும் சொல்கிறது. கொண்டோ (அடுக்குமாடி) நிர்வாகத்துக்கும் இதே விதிதான். அளவு, வகை பற்றி நியாயமான நிபந்தனை போடலாம், எல்லோருக்கும் பொதுவான இடங்களில் வேண்டாம் என்று சொல்லலாம். அவ்வளவுதான். ஆகவே தம்பி தன் பேஸ்மென்ற் ஜன்னலில் ஒட்டினால் நீங்கள் வாய் திறக்க முடியாது.

புல்தரை யாருடையது? இங்கேதான் லீஸ் கடதாசியை, அதாவது வாடகை ஒப்பந்தத்தை, எடுத்துப் பார்க்க வேண்டும். முன் முற்றமும் அவர் பாவனைக்கு என்று எழுதியிருந்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பேஸ்மென்ற் மட்டும், அல்லது முற்றம் இரு குடும்பத்துக்கும் பொது என்று இருந்தால் நீங்கள் மறுக்கலாம். நம்மவர்களில் பலர் லீஸே எழுதுவதில்லை, வாய்ப்பேச்சுத்தான். அப்படியென்றால் புல்லை வெட்டுவது யார், பனி அள்ளுவது யார் என்று நடைமுறையைப் பார்த்துத்தான் பேச வேண்டிவரும். அந்த வாக்குவாதத்தில் இறங்குமுன் கீழே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

என்னைக் கேட்டால், இரண்டையும் நடுங்கள். டிறைவேக்கு அந்தப் பக்கம் அவருடையது, இந்தப் பக்கம் உங்களுடையது. ஒரே முற்றத்தில் இரண்டு பெயர் நின்றால் சனம் சிரிக்கும் என்று பயப்படுவது நாங்கள்தான். வாக்குக் கேட்டு வருபவர்கள் இதை நிறையப் பார்த்தவர்கள். மாநகரத் தேர்தல் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே கிடையாது. சைனின் நிறத்தைப் பார்த்துத்தான் ஆள் எந்தப் பக்கம் என்று ஊகிக்கிறோம்.

இனி நாள், அளவு. ரொறன்ரோவில் மாநகரத் தேர்தல் சைனை வாக்களிப்பு நாளுக்கு 25 நாட்களுக்கு முன்னர்தான் வைக்கலாம், அதாவது இம்முறை ஒக்டோபர் 1 முதல். வீட்டு முற்றத்தில் என்றால் 1.2 சதுர மீற்றருக்குள், நிலத்திலிருந்து 2 மீற்றர் உயரத்துக்குள். தெருமரம், மின்கம்பம், சிற்றியின் (மாநகரசபையின்) பூங்கா எதிலும் கூடாது. மார்க்கம், பிரம்டன், ஏஜக்ஸ் எல்லாம் தங்களுக்கென்று தனி விதி வைத்திருக்கின்றன. அங்கே இருக்கும் சொந்தக்காரருக்கு இந்தக் கணக்கை அப்படியே சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. ஆர்வக்கோளாறில் சொந்தச் செலவில் அட்டை அச்சடித்து நடாதீர்கள். வேட்பாளருக்காக வெளியாள் காசு செலவழித்து விளம்பரம் செய்வதென்றால் முதலில் சிற்றியில் பதிய வேண்டும். வேட்பாளரின் அலுவலகத்துக்குப் போன் போட்டால் அவர்களே கொண்டுவந்து நடுவார்கள்.

அப்படி நடுவதற்கு வீட்டில் இருப்பவரின் சம்மதம் வேண்டும். நம் சமூகத்தில் சிக்கல் தொடங்குவதே இங்கேதான். நானே தொண்டனாகச் சைன் நட்ட ஒரு தேர்தலில், பட்டியலில் 'சம்மதம்' என்று இருந்த வீட்டு முன்னால் கம்பியைக் குத்திக்கொண்டிருந்தேன். மழை பெய்த மண், இலகுவாக இறங்கியது. கதவைத் திறந்த அக்கா, "ஆர் தம்பி உங்களைக் கேட்டது?" என்றார். கோயிலில் கண்ட யாரோ கேட்டதற்கு அவர் கணவர் முகம் முறிக்க மனமில்லாமல் "ஓம், பாப்பம்" என்றிருக்கிறார். 'பாப்பம்' எங்கள் பட்டியலில் 'சரி' ஆகிவிட்டது. கம்பியைப் பிடுங்கி, ஓட்டையைச் சப்பாத்தால் மிதித்து மூடிவிட்டு வந்தேன். உங்களிடமும் யாரும் கேட்டால், விருப்பமில்லையென்றால் "வேண்டாம் தம்பி" என்றே சொல்லிவிடுங்கள். யாரும் கேளாமலே நட்டுவிட்டுப் போனால் அவர்களின் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், வந்து எடுப்பார்கள். எடுக்காவிட்டால் சிற்றியின் 311 இலக்கத்துக்குப் போன் போடுங்கள்.

தேர்தல் முடிந்து 72 மணி நேரத்துக்குள் சைனை அகற்ற வேண்டும். 26 திங்கட்கிழமை, ஆகவே வியாழனுக்குள். அலுவலகத்தைக் கேளுங்கள், அடுத்த முறைக்கென்று திருப்பி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்றார்களென்றால் அட்டையை கராஜில் பனிச் சப்பாத்துகளுக்கு அடியில் போடலாம், கம்பி வருகிற கோடையில் தக்காளிச் செடிக்கு முண்டு கொடுக்கும். தம்பியின் சைன் கம்பியை மட்டும் அவரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.