பாடசாலையிலிருந்து வந்த தடுப்பூசிப் படிவமும் பிரென்ட் கவுன்சிலும்

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் பார்த்தேன். லண்டன் பிரென்ட் பகுதியில் இருக்கும் வெம்பிளிக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, மகன் இயர் எயிட்டில் (12, 13 வயது வகுப்பு) சேர்ந்திருக்கிறான், கருப்பை வாய்ப் புற்றுநோய் போன்றவற்றுக்குக் காரணமான வைரஸுக்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசிக்குச் சம்மதம் கேட்டுப் படிவம் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கொரோனா நேரம் இங்கே கவுன்சில் (உள்ளூராட்சி சபை) பெற்றோரைக் கேட்காமலே பிள்ளைகளுக்கு ஊசி போட்டதாமே, கையெழுத்து வைக்காவிட்டால் விசாவில் பிரச்சினை வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விசாப் பயத்தை விடுங்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளைகளுக்கான தடுப்பூசி எதுவும் இங்கே சட்டப்படி கட்டாயம் இல்லை. ஊசி போடாததால் அவனைப் பாடசாலையிலிருந்து நிறுத்தவும் மாட்டார்கள். கொரோனாவின்போது, 2021 பெப்ரவரியில், விசா இல்லாமல் இருப்பவர்களும் ஜிபியில் (குடும்ப வைத்தியரிடம்) பதிந்து இலவசமாக ஊசி போடலாம், குடிவரவு நிலையை விசாரிக்க மாட்டோம் என்று அரசாங்கமே அறிவித்தது. கட்டாயம் என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கலாம் என்றால், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்பவர்களுக்கு 2021 நவம்பரில் கொரோனா ஊசியைக் கட்டாயமாக்கி, 2022 மார்ச்சில் அதை நீக்கினார்கள். நம்முடைய ஆட்கள் பலர் கெயார் வேலையில் இருப்பதால் அந்தக் கதை வீட்டுக்கு வீடு வேறு வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது.

ஊசி போடுவது கவுன்சில் அல்ல, அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். ஏற்பாடு செய்யும் பாடசாலைத் தடுப்பூசிக் குழு. இலங்கையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் (பீ.எச்.ஐ.) பள்ளிக்கூடத்துக்கு வந்ததைப் போலத்தான் இதுவும். ஆனால் 2013 ஏப்ரலிலிருந்து பொதுச் சுகாதாரம் கவுன்சில்களின் பொறுப்பிலும் இருக்கிறது. ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஒரு பொதுச் சுகாதாரப் பணிப்பாளர் உண்டு. குப்பை எடுப்பதும் கவுன்சில் டாக்ஸ் கேட்பதும் மட்டும்தான் கவுன்சில் என்று நினைத்திருந்த எங்களில் பலருக்கு அது 2020-இல்தான் தெரிய வந்தது.

அந்த வருடத்தை நீங்கள் இங்கே இருந்து பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். மார்ச் 19 அன்று நம் பக்கத்து நோர்த்விக் பார்க் வைத்தியசாலையில் தீவிர சிகிச்சைக் கட்டில்கள் போதாமல் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். நாட்டில் லொக்டவுன் வந்தது அதற்குப் பிறகு, 23ஆம் தேதி. மார்ச் முதல் மே வரையான மூன்று மாதத்தில், வயது வித்தியாசத்தைச் சரிசெய்து கணக்கிட்டபோது, இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் கொரோனா இறப்பு வீதம் ஆகக் கூடுதலாக இருந்த இடம் பிரென்ட்தான். ஒரு லட்சம் பேருக்கு 210 இறப்புகள். பஸ் ஓட்டுபவர்கள், கடையில் நிற்பவர்கள், வைத்தியசாலையில் துப்புரவு செய்பவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதவர்கள் நிறைந்த பகுதி இது. அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளும் ஒரே வீட்டில், சில வீடுகளில் ஒரே அறையில். நோய் வந்தால் ஒதுங்கியிருக்க எங்கே இடம்? செத்த வீட்டுக்குக்கூடப் போக முடியவில்லை. கடைசிக் கிரியையை ஃபோனில் பார்த்து அழுத குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருந்தன.

கவுன்சில்கள் அப்போது வீட்டை விட்டு வெளியே வரக்கூடாத நோயாளிகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தன, தொலைபேசியில் விசாரித்தன. செப்டெம்பர் கடைசியிலிருந்து, தனிமைப்படச் சொன்னதால் சம்பளம் இழந்த குறைந்த வருமானக்காரருக்கு 500 பவுண்ட் கொடுத்ததும் கவுன்சில் வழியாகத்தான். இவையெல்லாம் தேவையான வேலைதான். ஆனால் என் பார்வையில், முக்கியமான மாற்றம் வேறு இடத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் கடிதம் போட்டால் சனம் கேட்கும் என்ற எண்ணம் உடைந்தது. ஆக மோசமாகப் பாதிக்கப்பட்ட சேர்ச் எண்ட், அல்பேர்ட்டன் பகுதிகளில் தொடங்கி, பிரென்ட் ஹெல்த் மேட்டர்ஸ் என்ற திட்டத்தைக் கவுன்சிலும் என்.எச்.எஸ்.ஸும் சேர்ந்து கொண்டுவந்தன. அந்தந்தச் சமூகத்திலிருந்தே ஆட்களை எடுத்து அவர்களைப் பேச வைத்தார்கள். தமிழில், குஜராத்தியில், சோமாலியில் பேச ஒருவர் இருந்தால்தான் ஒரு வயதானவர் தன் மனதில் இருக்கும் பயத்தைச் சொல்லுவார். கொரோனா ஊசி போட்டால் மலட்டுத்தன்மை வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய குரல் பதிவுக்குக் கடிதத்தால் பதில் சொல்ல முடியாது.

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். கொரோனா ஊசி போட 16, 17 வயதுக்காரருக்கு 2021 ஓகஸ்டில் அனுமதி கிடைத்தது. 12 முதல் 15 வரை உள்ளவர்கள் விஷயத்தில்தான் பெரிய குழப்பம். தடுப்பூசி ஆலோசனைக் குழு செப்டெம்பர் 3 அன்று, நலமாக உள்ள இந்த வயதுப் பிள்ளைகளுக்கு உடல்நல நன்மை மிகச் சிறியது, அதை மட்டும் வைத்து எல்லோருக்கும் போடச் சொல்ல முடியாது என்றது. மிக அரிதாக இதயத் தசையில் வரும் அழற்சி பற்றிய கவலையும் இருந்தது. பத்து நாள் கழித்து, பாடசாலை தடைப்படுவதையும் கணக்கில் எடுத்து, பிரித்தானியாவின் நான்கு நாடுகளின் தலைமை மருத்துவ அதிகாரிகளும் ஒரு டோஸ் கொடுக்கலாம் என்றார்கள். அடுத்த வாரமே பாடசாலைகளில் ஊசி தொடங்கியது.

இரண்டு வேறு பதில்கள் வந்தால் எந்தத் தாய்க்கும் பயம் வரும். அதே மாதம் என்.எச்.எஸ். சின்னத்தைப் போலியாகப் போட்டு, தவறான தகவலோடு கடிதங்கள் பாடசாலைகளுக்கு வந்தன. சில பாடசாலைகள் தெரியாமல் அவற்றைப் பெற்றோருக்கு அனுப்பியும் விட்டன. என் மகளுக்கு அப்போது 14 வயது. அவளும் நாங்களும் உட்கார்ந்து உண்மையான துண்டுப்பிரசுரத்தை வரிவரியாக வாசித்துவிட்டுத்தான் சம்மதம் கொடுத்தோம்.

பெற்றோரைக் கேட்காமல் போட்டார்கள் என்பது முழு உண்மை இல்லை. பெற்றோருக்குத்தான் முதலில் படிவம் போகும். பதில் வராவிட்டால், அல்லது பிள்ளையும் பெற்றோரும் வேறு வேறாகச் சொன்னால், தாதி பிள்ளையுடன் பேசுவார். தனக்கு என்ன செய்கிறார்கள் என்று நன்றாக விளங்கிக்கொள்ளும் பிள்ளையென்றால், 16 வயதுக்குக் கீழே இருந்தாலும் தானே முடிவெடுக்கலாம். இது 1985-இல் கில்லிக் வழக்கில் வந்த தீர்ப்பு, கொரோனாவுக்காகக் கொண்டுவந்தது அல்ல. அதனால், படிவத்தைப் பைக்குள்ளேயே கிடக்க விடாதீர்கள். ஓம் என்றாலும் இல்லை என்றாலும் எழுதி அனுப்புங்கள். அதைவிட முக்கியம், மகனோடு பேசுவது. ஊசி அவன் கையில்தானே போடுகிறார்கள்.

இப்போது கேட்டிருப்பது எச்.பி.வி. நலமாக உள்ள பிள்ளைகளுக்குக் கொரோனா ஊசி இப்போது இங்கே போடுவதில்லை. இலங்கையில் 2017-இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே எச்.பி.வி.தான். இங்கே 2019 செப்டெம்பரிலிருந்து பையன்களுக்கும் உண்டு, ஏனென்றால் அந்த வைரஸ் வாய், தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய்களுக்கும் காரணம். 2023-இலிருந்து ஒரே ஊசியோடு முடிந்துவிடும். நான் என்றால் யோசிக்காமல் சம்மதிப்பேன். இலையுதிர் காலத்தில் ஃபுளூவுக்கும் படிவம் வரும். அந்த மூக்கில் அடிக்கும் மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறது, வேண்டாமென்றால் ஊசியாகத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

அப்புறம், அவனுடைய தடுப்பூசி அட்டையை ஊரிலிருந்து கொண்டுவந்தீர்களா? அதை ஜிபிக்குக் கொண்டுபோய்ப் பதியுங்கள். எம்.எம்.ஆர். முதல் ஊசியை ஒன்பது மாதத்தில் போட்டிருந்தால், ஒரு வயதுக்கு முன் போட்டதென்று இங்கே அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், இன்னொன்று போடச் சொல்லுவார்கள். அந்த ஊசி தடுக்கும் நோய்களில் ஒன்று சின்னமுத்து (மீசில்ஸ்), சின்னம்மை அல்ல. லண்டனில் அது திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. 2022-இல் லண்டனின் பெக்டன் சுத்திகரிப்பு நிலையக் கழிவுநீரில் போலியோ வைரஸ் கண்டுபிடித்து, பிறகு பிரென்ட் உட்பட எட்டுப் பகுதிகளில் அது இருந்ததால் லண்டனில் ஒன்று முதல் ஒன்பது வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் கூடுதல் ஊசி போட அழைத்தார்கள். அட்டை தொலைந்திருந்தால் ஊரில் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்தில் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஜிபியில் தாதியிடம் சொன்னால் எதை முதலிலிருந்து போடவேண்டும் என்று அவரே பார்த்துச் சொல்லுவார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நேரம் எடுக்கும்போதே கேளுங்கள், அதற்குக் காசு இல்லை.