அப்பாவை ஏன் அழைத்துப் போகவில்லை?

கேள்வி: எனக்கு வயது 46. செம்பூரில் குடும்பத்தோடு இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே இந்தி நடிகர் அமோல் பாலேகரின் தீவிர ரசிகன். இருபத்தைந்து வருடமாக மேடையில் நடிக்காமல் இருந்தவர், தன் 75-வது பிறந்த நாளான 2019 நவம்பர் 24 அன்று நாரிமன் பாயின்ட்டில் உள்ள என்.சி.பி.ஏ. கலை அரங்கில் 'குசூர்' என்ற இந்தி நாடகத்தில் மறுபடி நடித்தபோது முதல் ஆளாக டிக்கெட் எடுத்தேன். அதிலிருந்து எங்கே போட்டாலும் போய்விடுகிறேன். வெளியூருக்கும் நண்பர்களோடு போய் வந்தாயிற்று. ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் அவர் விடும் மூச்சுகூட எனக்கு மனப்பாடம். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. நான் நாடகத்துக்குக் கிளம்பும் நாளில் எல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். நாடகம் நடக்கும்போதே மாத்திரை எங்கே, அது எங்கே என்று மெசேஜ் போட்டுக்கொண்டே இருப்பாள். குடி, சீட்டு என்று எந்தப் பழக்கமும் இல்லாதவன் நான். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அப்பாவால்தான். அவரும் பேங்க்கில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர், பாலேகர் வயதுதான். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருப்பதால் அவரை அழைத்துப் போவதில்லை. 'நீ போய்ட்டு வந்து கதையைச் சொல்லு, அது போதும்' என்று அவரே சொல்லிவிட்டார். ரசிகனாக இருப்பது தவறா? மனைவிக்கு எப்படிப் புரிய வைப்பது?
பெயர் வேண்டாம், செம்பூர், மும்பை.

பதில்: தம்பி, ரசிகனாக இருப்பது தவறில்லை. குடிக்காமல், சீட்டாடாமல் இருப்பதற்காக உங்களுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கப் போவதும் இல்லை. நாடகமோ, கிரிக்கெட்டோ, கோயில் திருப்பணியோ, வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு காரணம் வைத்திருக்கும் கணவர்கள் எல்லோரும் இந்த வரியைத்தான் எனக்கு எழுதுகிறார்கள்.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதம் நெருக்கி எழுதிய நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் பாலேகர். அவர் எந்த இடத்தில் குரலை இறக்குகிறார், நாற்காலியை விட்டு எழும்போது எந்தக் கையை ஊன்றுகிறார், கடைசியில் கைதட்டல் வரும்போது எவ்வளவு களைத்திருக்கிறார் என்று அவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே நன்றாக இருந்தது. அதே வயதில் உங்கள் வீட்டில் இருக்கும் மனிதரைப் பற்றி மூன்று வரி. அந்த மூன்று வரியில் அவருடைய உடம்பைப் பற்றி இருப்பது ஒரே ஒரு தகவல். அடிக்கடி பாத்ரூம் போகிறார்.

அதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை.

எத்தனை மாதமாக அப்படிப் போகிறார்? இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறார்? டாக்டரிடம் காட்டினீர்களா? நாலு பக்கத்திலும் தேடிப் பார்த்தேன், ஒரு வார்த்தை இல்லை. எழுபது தாண்டிய ஆண்களில் பெரும்பாலோருக்கு புராஸ்டேட் சுரப்பி பெரிதாகும், அதில் பலருக்கு இந்தத் தொல்லை வரும். சர்க்கரை காரணமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். பி.பி.க்கு எடுக்கும் நீர் மாத்திரையாகவும் இருக்கலாம். அதை எந்த வேளைக்கு மாற்றுவது என்று டாக்டரே சொல்லிவிடுவார். பலருக்கு மாத்திரையிலேயே நன்றாகக் குறைந்துவிடும். சிலருக்கு வேறு பெரிய வியாதியின் அறிகுறியாகவும் இருக்கும், அதனால்தான் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். இதையெல்லாம் அந்தத் தலைமுறை ஆண்கள் தாங்களாக வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மருமகளிடம் சொல்லக் கூச்சம், பேரப் பிள்ளைகள் எதிரே வெட்கம். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். கல்யாணம், காரியம் எதற்கும் வர மாட்டேன் என்பார்கள். 'எனக்கென்னப்பா, வீட்டிலேயே இருக்கேன்' என்பார்கள். மகன்தான் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய மகன், அதை டிக்கெட் எடுக்காததற்குக் காரணமாக எழுதிக்கொண்டிருக்கிறார்.

'அவரே சொல்லிவிட்டார்' என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். நம் வீட்டுப் பெரியவர்கள் என்றைக்குத் தம்பி தனக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்? இருக்கிற கடைசி தோசையை உங்கள் தட்டில் போட்டுவிட்டு 'எனக்குப் பசியில்லை' என்று சொன்னவர்தானே அவர்? அதை அன்றைக்கு நம்பினீர்கள், குழந்தை. நாற்பத்தாறு வயதிலும் நம்புகிறேன் என்றால், நம்புவது உங்களுக்கு வசதியாக இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, கதையைச் சொல்லு என்று கேட்டாரே, சொன்னீர்களா? நாரிமன் பாயின்ட்டில் நாடகம் முடிந்து, வாசலில் நண்பர்களோடு நின்று பேசி, சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன் வந்து ஹார்பர் லைன் லோக்கல் ரயிலைப் பிடித்து செம்பூரில் இறங்கி வீடு சேரும்போது மணி என்ன ஆகும்? அவர் தூங்கியிருப்பார், அல்லது தூங்குவதுபோல் படுத்திருப்பார். காலையில் உங்களுக்கு ஆபீஸ். அவர் கேட்டது அந்த ஒன்றுதான். அதுவாவது நடந்ததா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

உங்கள் அப்பாவுக்கு பாலேகர் யார் என்று யோசித்தீர்களா? எழுபதுகளில் பம்பாயில் ஒரு பேங்க்கில் வேலை பார்த்தவர் அப்பா. அன்றைய இந்திப் பட நாயகன் குதிரையில் வருவான், பத்துப் பேரை அடிப்பான். அந்தக் கூட்டத்துக்கு நடுவே 1974-ல் 'ரஜனிகந்தா', அடுத்து 'சோட்டி ஸி பாத்', 'சித்சோர்' என்று ஒருவர் வந்தார். பஸ் ஸ்டாப்பில் நிற்பார், ஆபீஸ் போவார், பிடித்த பெண்ணிடம் பேச நாக்கு வராமல் தவிப்பார். ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்தவர். சினிமாவுக்கு வரும் முன் பேங்க் ஆஃப் இந்தியாவில் குமாஸ்தா. வேலையில் இருந்துகொண்டே நாடக இயக்குநர் சத்யதேவ் துபேயிடம் நாடகம் கற்றவர். 1979-ல் வந்த 'கோல் மால்' அவருக்கு ஃபிலிம்பேர் விருது வாங்கித் தந்தது. அதைத்தான் பாலசந்தர் 1981-ல் ரஜினியை வைத்து 'தில்லு முல்லு' என்று எடுத்தார், நம் ஊரில் அது தெரியாதவர் இல்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்து லெட்ஜர் எழுதிய உங்கள் அப்பாவுக்கு, தன்னைப்போல ஒருவன் திரையில் கதாநாயகனாக நின்றது எப்படி இருந்திருக்கும்! அந்த ஆசையைத்தான் உங்கள் கையைப் பிடித்து தியேட்டருக்கு அழைத்துப் போய் உங்களுக்குக் கொடுத்தார். அந்த நடிகர் இருபத்தைந்து வருடம் கழித்து, தன் எழுபத்தைந்தாம் பிறந்த நாளில், அதே ஊரில் மேடையேறுகிறார். போக வேண்டியவர் உங்கள் வீட்டில் முதலில் யார்?

இனி உங்கள் மனைவி. அவருக்கு நாடகம் பிடிக்கவில்லை என்று எந்த ஆதாரத்தில் முடிவு கட்டினீர்கள்? அந்தப் பெண் நாடகத்தைப் பற்றி ஒரு குறை சொன்னதாக நீங்களே எழுதவில்லை. அவர் அனுப்பிய மெசேஜ், 'மாத்திரை எங்கே'. யாருடைய மாத்திரை? ராத்திரி அப்பாவை பாத்ரூமுக்கு அழைத்துப் போவது யார்? தரை ஈரத்தில் வழுக்கிவிடப் போகிறாரே என்று பயந்துகொண்டு கதவுக்கு வெளியே நிற்பது யார்? நீங்கள் என்.சி.பி.ஏ.வின் டாடா தியேட்டரில் ஒரு முதியவரின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில், உங்கள் அப்பாவின் தேவையை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைச் செய்துவிட்டு, முகம் மலர்ந்து உங்களை வழியனுப்பவும் வேண்டுமா?

இந்த விஷயத்தில் என் கருத்து பழையது என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பெற்ற பிள்ளையின் கடமை, அது மகனோ மகளோ. மருமகள் செய்வது அவளுடைய நல்ல மனசு. அவள் செய்கிறாளே என்று பிள்ளை தன் தோளில் இருப்பதை இறக்கி வைத்துவிடக் கூடாது. 'வீட்டில் அவள் இருக்கிறாள்' என்ற தைரியத்தில் வெளியூர் வரை போய் நாடகம் பார்த்தவர், அவளுக்குப் புரிய வைக்க வழி கேட்கிறீர்கள். அவளுக்கு எல்லாம் நன்றாகவே புரிந்திருக்கிறது.

நீங்கள் மனப்பாடம் செய்த அந்த நாடகத்தைப் பற்றியும் ஒன்று. ஓய்வுபெற்ற உதவி போலீஸ் கமிஷனர் ஒருவர், போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் போனை எடுக்க உட்கார்கிறார். ஒரு பெண்ணின் குரல் வருகிறது. எதிரே ஆள் இல்லை, முகம் தெரியாது. அந்தக் குரலை மட்டும் வைத்து அவளுக்கு என்ன ஆபத்து என்று கண்டுபிடிக்கப் பாடுபடுகிறார். அவசரத்தில் தப்பாகவும் புரிந்துகொள்கிறார். தலைப்பே குற்றம், தவறு என்றுதான் சொல்கிறது. இதை ஒரு தடவைக்கு மேல் பார்த்தவர் நீங்கள். உங்கள் வீட்டிலிருந்து இரண்டு குரல் வந்திருக்கிறது. 'கதையைச் சொல்லு போதும்' ஒன்று, 'மாத்திரை எங்கே' இன்னொன்று. இரண்டையுமே தப்பாகக் கேட்டிருக்கிறீர்கள்.

அப்பாவை அழைத்துப் போவதில் என்ன கஷ்டம் என்கிறேன்? நடைபாதை ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில் இரண்டு சீட் கேட்டு வாங்குங்கள். அரங்க ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வயதானவர் நடுவில் எழுந்து போய் வருவதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். லோக்கல் வேண்டாம், டாக்ஸி வையுங்கள். வெளியூருக்குப் போக ரயில் டிக்கெட் போட்ட பணத்தில் எத்தனை டாக்ஸி வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வெளியே போகும்போது போட்டுக்கொள்ளும் பெரியவர்களுக்கான பேட் மருந்துக் கடையில் கிடைக்கிறது. நீங்களே வாங்கி, கதவைச் சாத்திவிட்டு, மகனாக அவரிடம் பேசுங்கள். மனைவியை வாங்கி வரச் சொல்லாதீர்கள். நாடகத்தின் நடுவே எழுந்து இரண்டு தடவை அவரோடு வெளியே போனால் உங்களுக்கு நாலு வசனம் போகும். போகட்டும், மனப்பாடம்தானே?

அடுத்த காட்சிக்கு நண்பர்களோடு போக டிக்கெட் எடுத்திருந்தால் இப்போதே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். முதலில் ஒரு நாள் லீவு போட்டு அப்பாவை சிறுநீர்த் தொல்லைகளைப் பார்க்கும் டாக்டரான யூராலஜிஸ்ட்டிடம் அழைத்துப் போங்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மனைவியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அந்தப் பட்டியல் உங்கள் வீட்டில் அவருக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவர் தன் அம்மா வீட்டுக்கோ, சிநேகிதி வீட்டுக்கோ போய் வரட்டும். திரும்பி வரும் வழியில் டாக்ஸியில் அப்பாவுக்கு 'குசூர்' கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். இந்தத் தடவை அப்பாவைப் பற்றி மட்டும்.