வளர்ப்புப் பிள்ளையின் நன்றிக்கடன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கவிஞர் லெம் சிசே பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். இங்கிலாந்தின் பஞ்சாலை ஊர்களில் ஒரு கறுப்பினச் சிறுவன் பட்ட பாடு மனதைக் கலக்கியது. ஆனாலும் ஓர் உறுத்தல். 12 ஆண்டுகள் ஊட்டி வளர்த்தவர்களை இப்படிப் பொதுவில் குறை சொல்லலாமா? நன்றி மறந்த செயல் ஆகாதா அது?

ச.

அன்புள்ள ச.,

சிசே யாரும் வேண்டாமென்று விட்டுப்போன குழந்தை அல்ல. எத்தியோப்பியாவிலிருந்து படிக்க வந்த அவருடைய தாய் 1967இல் இங்கிலாந்தின் விகன் நகருக்கு அருகே அவரைப் பெற்றார். தத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். சிறிது காலம் யாரேனும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்பதே அவர் எண்ணம். சமூகப் பணியாளரோ குழந்தைக்குத் தன் பெயரையே வைத்து, கிறிஸ்தவ பக்தி மிகுந்த ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்து, தத்துப் பிள்ளையாகவே நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். மகனைத் திரும்பப் பெற வழி கேட்டு 1968இல் தாய் எழுதிய கடிதம் கோப்புக்குள் போய் முடங்கியது.

இதுவரை வளர்த்தவர்கள்மேல் குற்றமில்லை. அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 12 வயதில் பையன் கேட்காமல் பிஸ்கட் எடுத்தான், நண்பர்களோடு சுற்றிவிட்டு நேரம் கழித்து வீடு திரும்பினான். அவனுக்குள் சாத்தான் புகுந்துவிட்டதாக அவர்கள் நம்பினார்கள். காப்பகத்துக்கு அனுப்பி, இனி எங்களில் யாரும் உன்னோடு தொடர்புகொள்ள மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகளும் உண்டு. பெற்ற பிள்ளை பிஸ்கட் எடுத்தால் முதுகில் ஓர் அடி விழும், அதோடு சரி. இவனுக்கு வீடே போயிற்று. எனக்கு ஆறாத இடம் இதுதான்.

அடுத்த ஐந்து ஆண்டுகளில் நான்கு விடுதிகள். கடைசியில் ஆதர்டன் என்ற ஆலை ஊரில் இருந்தது சிறைச்சாலையேதான், பெயர் மட்டும் வேறு. 14 வயதில் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கையில் பச்சை குத்திக்கொண்டான். தனக்கென்று அவனிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். விடுதியை விட்டு வெளியேறும் வயதில் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தார்கள். அதில் இருந்தது வேறு பெயர், லெம் சிசே! கூடவே தாயின் அந்தக் கடிதமும் கைக்கு வந்தது.

குடும்பம் இருப்பவர்களுக்குப் பிள்ளைப் பருவத்தை நினைவூட்ட நாலு பேர் இருப்பார்கள். இவருக்கு ஒருவரும் இல்லை. அதனால்தான் தன்னைப் பற்றிய கோப்புகளைக் கேட்டு ஆண்டுக்கணக்காக அலைந்தார். 2015இல்தான் கிடைத்தன. அதிகாரிகள் தட்டச்சு செய்து வைத்த அந்தக் குறிப்புகளைத் தன் வாழ்க்கை நூலில் நினைவுகளுக்குப் பக்கத்தில் அப்படியே அச்சிட்டிருக்கிறார். அதைத் தூற்றல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தனக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியும் உரிமை, அதைச் சொல்லும் உரிமை இரண்டும் அவருக்கு உண்டு.

நீங்கள் வாசித்தது என் கட்டுரையை மட்டுமே என்று நினைக்கிறேன். அந்தக் குறிப்புகளையும் வாசியுங்கள். அதன் பிறகும் நன்றியைப் பற்றிய கேள்வி எஞ்சினால் அவசியம் எழுதுங்கள்.