வேலூரில் இருந்து முதல் வார்ஹாமர் 40,000 டோர்னமென்ட்டுக்குப் பெங்களூரு போகிறேன். எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

வார்ஹாமர் என்றால் சின்ன பொம்மை வீரர்களின் படையை மேசையில் மோதவிடும் போர் விளையாட்டு. படைக்கு 2,000 பாயின்ட், ஒரே நாளில் மூன்று ஆட்டம், ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம், 2023-இல் வந்த 10-ஆம் பதிப்பு விதிகள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

புதியவர்கள் பெரும்பாலும் கடிகாரத்திடம்தான் தோற்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் உங்கள் பங்கு 90 நிமிடம். மிஷன் (அந்த ஆட்டத்தின் இலக்குகள்) படித்து மாடல்களை அடுக்குவதற்குள் 15 நிமிடம் போய்விடும். மீதியை ஐந்து ரவுண்டுக்கு (ரவுண்டுக்கு ஆளுக்கு ஒரு டர்ன்) பிரித்தால் டர்னுக்குக் கால் மணி நேரம். 120 மாடல் வைத்திருப்பவருக்கு நகர்த்தவே அது பத்தாது. ஆட்டம் மூன்றாவது ரவுண்டோடு நின்றுவிடும். 40 முதல் 60 மாடலுக்குள் லிஸ்ட் (படைப் பட்டியல்) போடுங்கள். ஒவ்வொரு யூனிட்டின் (சேர்ந்து இயங்கும் மாடல் குழு) எண்களையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். செல்போனில் தேடுவதில்தான் பாதி நேரம் போகிறது.

மொத்தம் 100 புள்ளி: பிரைமரி (முதன்மை இலக்கு) 50, செகண்டரி (துணை இலக்குகள்) 40, படைக்குப் பெயிண்ட் அடித்திருந்தால் 10. எதிரி எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்குத் தனியாக மார்க் கிடையாது, மிஷன் கேட்டால் ஒழிய. பிரைமரி பெரும்பாலும் இரண்டாம் ரவுண்டில் இருந்து, உங்கள் கமாண்ட் ஃபேஸில் (டர்னின் தொடக்கக் கட்டம்) எண்ணப்படும். அதாவது இந்த டர்னில் ஆப்ஜெக்டிவில் (மார்க்கர் வைத்துக் குறித்த, பிடிக்க வேண்டிய இடம்) போய் நின்றால் மட்டும் போதாது, எதிராளியின் டர்ன் முடிந்தும் அங்கே உயிரோடு இருக்க வேண்டும். மார்க்கரில் ஏறும் யூனிட்டை இதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். டீப் ஸ்ட்ரைக்கில் (ஆட்டத்தின் நடுவில் மேசைக்கு வருவது) இறங்கியதும் 9 இன்ச் சார்ஜை (எதிரியோடு கைகலக்கப் பாய்வது) நம்பித் திட்டம் போடாதீர்கள். இரண்டு டைஸில் 9 அல்லது அதற்கு மேல் விழ 36-க்கு 10 வாய்ப்புதான்.

அந்த 10 பெயிண்ட் புள்ளியை விடுவது அநியாயம். பேஸுக்கு (மாடல் நிற்கும் அடித்தட்டு) பாலாற்று மணலை டீ வடிகட்டியில் சலித்து, கழுவிக் காயவைத்து, ஃபெவிகாலில் ஒட்டுங்கள். காய்ந்ததும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மேலே ஒரு பூச்சு விட்டால் மணல் உதிராது. பிறகு அடர் பழுப்பு, அதன்மேல் வெளிர் நிறத்தில் டிரை பிரஷ் (பெயிண்டைத் துடைத்த பிரஷ்ஷால் மேடுகளில் தேய்ப்பது). பிரைமர் ஸ்ப்ரேயை வேலூர் மே மாத வெயிலில் அடித்தால் காற்றிலேயே காய்ந்து மாடலில் பொடியாய்ப் படியும். விடிகாலையில் நிழலில் அடியுங்கள், 20–30 சென்டிமீட்டர் தூரத்தில்.

காட்பாடியில் ரயில் ஏறும் கூட்டத்தில் பெட்டி கட்டாயம் இடிபடும். பேஸுக்கு அடியில் 5 மி.மீ. நியோடிமியம் காந்தத்தை எம்-சீலில் பதித்து, விளிம்போடு சமமாக வையுங்கள். உள்ளே குழிந்திருந்தால் பிடிக்காது. பிளாஸ்டிக் டப்பாவின் உள்ளே அடியில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு. எவர்சில்வர் வாங்கிவிடாதீர்கள், பல வகைகளில் காந்தம் ஒட்டாது. வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் ரெசின் ஈட்டியும் துப்பாக்கியும் வளையும். சுடுதண்ணீரில் முக்கி நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் நிமிர்ந்துவிடும். சூப்பர் குளூ கையோடு இருக்கட்டும்.

மேசையில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இந்த மாடல் உங்க டாங்குக்குத் தெரியாத இடத்துல நிக்குது, சரிதானே ப்ரோ?" அவர் ஆமாம் என்றால் அரை இன்ச் சண்டை பிறகு வராது.

செஸ் போட்டிகளைப் போல இங்கும் ஸ்விஸ் முறைதான், அதாவது ஏறக்குறைய சமமான வெற்றி உள்ளவர்களை மோதவிடுவார்கள். இரண்டு ஆட்டம் தோற்றால் மூன்றாவதில் எதிரே உட்காருபவரும் அநேகமாக இரண்டு தோற்றவர். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நடுவில் கிளம்பினால் அவருக்கு ஆள் இருக்காது, அதனால் திரும்பும் டிக்கெட்டை இரவு வண்டியில் போடுங்கள்.